துண்டுபட்ட புதுச்சேரி பிறந்த கதை

விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் மதகடிப்பட்டிலேயே புதுச்சேரி வந்துவிடும். சாராயக் கடைப் பலகைகளே சொல்லிவிடும். திருபுவனையைத் தாண்டினால் கண்டமங்கலம், மறுபடி தமிழ்நாடு. வில்லியனூரை நெருங்கும்போது மீண்டும் புதுச்சேரி. புத்தியுள்ள எவரும் உட்கார்ந்து வரைந்த எல்லையல்ல இது. இதற்குப் பிள்ளையார் சுழி விழுந்தது ஆம்பூரில்.

தோல் மண்டியும் ஷூ கம்பெனியும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, ஆம்பூரின் மதிப்பெல்லாம் அதன் கணவாயில்தான் இருந்தது. 1749-இல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் அங்கே அரண் எழுப்பி, பீரங்கி நிறுத்திக் காத்திருந்தார். எதிரே நவாப் பட்டத்துக்கு ஆசைப்பட்ட சந்தா சாகிப், அவருடைய கூட்டாளி முசாபர் ஜங், கூடவே புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே அனுப்பிய படை. ஆகஸ்ட் 3 அன்று பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு முறை பாய்ந்து இரண்டு முறையும் திரும்பினார்கள். மூன்றாவது பாய்ச்சலில் அரண் விழுந்தது. கிழவர் அன்வருதீன் யானை மேலிருந்தபடியே குண்டடிபட்டுச் செத்தார். அவருடைய மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பி ஓடினார்.

செய்த உதவிக்குக் கூலியாக வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்கள் பிரெஞ்சுக் கம்பெனிக்குப் போயின. இடையிடையே விட்டுப்போன ஊர்கள் பின்னாளில் ஆங்கிலேயர் கைக்கு வந்தன.

இருநூறு வருஷம் கழித்து அந்தக் கூலியே பிரான்சுக்குத் தலைவலியானது. பிரெஞ்சு ஊர்கள் இந்தியாவோடு சேர்வதா என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என 1948-இல் டெல்லியும் பாரிசும் ஒப்புக்கொண்டன. வங்காளத்திலிருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூர் இந்தியாவோடு சேர 1949-இல் ஓட்டுப் போட்டது. புதுச்சேரியில் இழுபறி. பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் ஒழுங்கான ஓட்டு நடக்காது என்றது டெல்லி. மக்கள் சம்மதமில்லாமல் மண்ணைக் கொடுக்க எங்கள் அரசியல் சட்டம் விடாது என்றது பாரிஸ். டெல்லி சுங்கக் கெடுபிடியை இறுக்கியது.

1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சுக்காரர்களின் ஆளாக இருந்த எதுவார் குபேர் கட்சி மாறி, நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றினார். (சமயம் பார்த்துத் தாவுவதில் மனிதர் கெட்டிக்காரர்.) அங்கே போய் அடக்க வேண்டுமானால் பிரெஞ்சுப் போலீஸ் இந்திய மண்ணைக் கடக்க வேண்டும், டெல்லி வழிவிடவில்லை. பாரிஸ் ஆட்சேபக் கடிதம் எழுதுவதற்குள் கொம்யூன் எனப்பட்ட உள்ளாட்சிப் பகுதிகள் அடுத்தடுத்துக் கைநழுவின.

கடைசியில் இருவரும் இறங்கி வந்தார்கள். பொது வாக்கெடுப்பு வேண்டாம், மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டால் போதும் என்று முடிவானது. அக்டோபர் 18 அன்று வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும், அல்ஜீரியப் போர் ஓயும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதைத் தொடவில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி எல்லாம் முடிந்தது. மக்கள் விருப்பத்தை அறியாமல் அந்தஸ்தை மாற்றக் கூடாது என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிடலாம் என்று மொரார்ஜி தேசாய் காலத்தில் பேச்சு எழுந்தபோது, 1979-இல் புதுச்சேரியே கொதித்தது.