13 வயதுக்குப் பிறகு என்ன?

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகள் வீடியோ காலில் வந்தாள். அவள் மகனோடு படிக்கும் யூதப் பையனுக்கு 13 வயது நிறைந்ததாம். அதற்குப் 'பார் மிட்ஸ்வா' என்று ஒரு விழா. இவர்கள் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். அந்தப் பையன் மேடையேறி, தோல் சுருளில் இருந்த எபிரேய மறையைக் கணீரென்று ராகத்தோடு படித்தானாம். "ஆனா பெரியம்மா, அவ்வளவு நல்லா படிச்ச பையன் அடுத்த வாரத்திலிருந்து அந்த வகுப்புக்கே போகலையாம். முடிஞ்சிடுச்சாம்" என்றாள்.

அந்த 'முடிஞ்சிடுச்சு' என்ற சொல் என்னை விடவே இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் கொச்சி வந்தவர்களுக்கு நினைவிருக்கும். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூத ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம். நீங்கள் எல்லோரும் தரையில் இருந்த நீலச் சீன ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "டீச்சர், இங்க சாமி எங்க?" என்று ஒருவன் கேட்டான். சாமி சிலை கிடையாது, திரைக்குப் பின்னால் தோரா என்ற மறைச் சுருள்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான் அன்று எனக்கும் தெரியும். பேரன் வயதுப் பிள்ளை ஒருவனால் இப்போது ஒரு மாதமாக உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

பார் மிட்ஸ்வா என்றால் 'கட்டளைக்கு உரிய மகன்' என்று பொருள். ஆண் பிள்ளைக்கு 13, பெண் பிள்ளைக்கு மரபுப்படி 12 வயது நிறைந்தால், சமயக் கடமைகளுக்கு அவர்களே பொறுப்பு. விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தப் பொறுப்பு வந்துவிடும். அதாவது இது படிப்பு முடிந்ததற்கான விழா அல்ல. மிஷ்னா என்ற அவர்களுடைய பழைய நூலில் வயது வாரியாக ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. 5 வயதில் மறை, 10இல் மிஷ்னா, 13இல் கடமைகள், 15இல் டால்முட். டால்முட் என்பது கேள்வியும் எதிர்க்கேள்வியுமாகப் போகும் பெரிய விவாத நூல். அந்தக் கணக்குப்படி, யோசித்துப் படிக்க வேண்டிய படிப்பு தொடங்குவதே 13க்குப் பிறகுதான்.

அந்த டால்முடில் ஒரு பள்ளிக்கூட வரலாறு வருகிறது. ஆசிரியராக இருந்த யாரும் அதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். முதலில் அப்பாதான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அப்பா இல்லாத பிள்ளை படிப்பில்லாமல் நின்றது. அதனால் எருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள். அப்போதும் அழைத்துவர அப்பா இருந்த பிள்ளைதான் வந்தது. பிறகு மாவட்டம்தோறும் ஆசிரியர்களை வைத்து, 16, 17 வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். அங்கேதான் சிக்கல். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் அந்த வயதுப் பையன் முறைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவானாம்! கி.பி. முதல் நூற்றாண்டில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு வந்து, ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர் இருக்க வேண்டும், பிள்ளைகளை 6, 7 வயதிலேயே சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவர் மட்டும் இல்லையென்றால் மறையே மறந்து போயிருக்கும் என்று அவரைப் புகழ்கிறார்கள்.

அதே இடத்தில் வகுப்பின் அளவும் சொல்லப்படுகிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 ஆனால் துணைக்கு ஒருவர். 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு அல்லாடிய என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது பெருமூச்சுதான் வந்தது.

ஆனால் பாருங்கள், யோசுவா பென் கம்லா சின்னப் பிள்ளைகளின் பிரச்சினையைத் தீர்த்தார். 16 வயதுப் பையன் ஏன் எழுந்து போனான் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் அதற்குத் தன் விடையைத் தேடியிருக்கிறது.

கிழக்கு ஐரோப்பாவில் சின்னப் பையன்கள் 'ஹெடர்' என்ற திண்ணைப் பள்ளி போன்ற இடத்தில் படித்தார்கள். 13 வயதானதும் ஏழை வீட்டுப் பையன் தையல், செருப்பு என்று தொழிலுக்குப் போனான். கெட்டிக்காரப் பையன் 'யெஷிவா' என்ற உயர் பள்ளிக்குப் போனான். பல ஊர்களில் அந்த மாணவர்களுக்குத் திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று சாப்பாடு. நம் பக்கத்துப் பெரியவர்கள் 'வாரச் சாப்பாடு' என்பார்களே, அதேதான். 1803 வாக்கில் வோலோஜின் என்ற சிற்றூரில் ரப்பி ஹயிம் தொடங்கிய யெஷிவா பெரும்புகழ் பெற்றது. ஊரூராக நிதி திரட்டி அதை நடத்தினார்கள். 1892இல் ருஷ்ய அரசின் நெருக்கடியால் அது மூடப்பட்டது. யெஷிவாக்களில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாதாடுவார்கள். இதற்கு 'ஹவ்ருதா' என்று பெயர். அந்த வயதுப் பிள்ளைக்கு எதிர்த்துப் பேசத் தோன்றும் அல்லவா? அதையே படிக்கும் முறையாக்கிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விடை இது. ஆனால் இது சிலருக்கு மட்டுமே கிடைத்தது. பெண் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை.

பெண் பிள்ளைகளின் கதை தனி. போலந்தின் கிராக்கோவ் நகரில் சாரா ஷெனிரர் என்று ஒரு தையல்காரப் பெண் இருந்தார். பக்தியுள்ள வீடுகளில் ஆண் பிள்ளைகள் சமயப் பள்ளிக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போய்ப் போலிஷ் இலக்கியம் படித்தார்கள். தங்கள் சமயத்தில் அவர்களுக்கு எதுவும் சொல்லித்தரப்படவில்லை. வளர்ந்ததும் வீட்டுக்கும் அவர்களுக்கும் பேச்சே ஒட்டவில்லை. தன்னிடம் துணி தைக்க வரும் பெண்களின் உடல் அளவு மட்டுமே தனக்குத் தெரிகிறதே, அவர்கள் மனசுக்கு எதை உடுத்துவது என்று சாரா கவலைப்பட்டார். முதலில் வளர்ந்த பெண்களைக் கூட்டிப் பேசிப் பார்த்தார். அவர்கள் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் மனம் தளரவில்லை. 1917இல் சுமார் 25 சிறுமிகளை வைத்துத் தொடங்கினார். அதே 25, கவனித்தீர்களா? அந்தச் சிறுமிகள் பதின்ம வயதை எட்டியதும் அவர்களையே வெளியூர்களுக்கு ஆசிரியைகளாக அனுப்பினார். பிறகு ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியும் வந்தது. 1935இல் அவர் மறைந்தபோது 'பைஸ் யாக்கோவ்' என்ற அந்தப் பள்ளிகள் 200க்கும் மேல். அடுத்த பத்தாண்டுக்குள் ஹிட்லரின் படுகொலையில் அந்தப் பள்ளிகளும் பிள்ளைகளும் ஆசிரியைகளும் பெரும்பாலும் அழிந்தார்கள். தப்பியவர்கள் எருசலேமிலும் நியூயார்க்கிலும் மறுபடி பள்ளி தொடங்கினார்கள். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெர்மனியில் சீர்திருத்த யூதர்கள் வேறு விடை கண்டார்கள். 13 வயதில் என்ன புரியும் என்று கேட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'உறுதிப்பூசல்' போல ஒரு விழாவைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவ மாணவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அவர்களைப் பார்த்துத்தான் வந்தது. இதில் பெண் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. 1846இல் ரப்பி மாக்ஸ் லிலியன்தால் இதை நியூயார்க்கில் நடத்தினார். மறை அருளப்பட்ட ஷவுஓத் திருநாளில், பிள்ளைகள் கூட்டமாக நின்று தங்கள் நம்பிக்கையைச் சொல்வார்கள். பின்னாளில் இதன் வயது 15, 16 என்று ஆனது. பத்தாம் வகுப்பு வரை பிள்ளையைப் பிடித்து வைக்க ஒரு வழி.

அமெரிக்காவில் இன்னும் எத்தனையோ முயற்சிகள். 1838இல் ரெபேக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி பிலடெல்ஃபியாவில் யூதப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி தொடங்கினார். 1910இல் நியூயார்க்கின் யூதக் கல்விப் பணியகத்துக்குத் தலைமையேற்ற சாம்சன் பென்டர்லி, மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவர். நம் வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். 1916இல் சமயக் கல்வியும் பொதுக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் உயர்நிலைப் பள்ளி நியூயார்க்கில் வந்தது. 1922 மார்ச் 18 அன்று ரப்பி மோர்டெகாய் காப்லானின் மகள் ஜூடித், 12 வயதில், சபை நடுவே மறை வாசித்தாள். அமெரிக்காவின் முதல் 'பாட் மிட்ஸ்வா' என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதே ஜூடித் தம் 82ஆம் வயதில் மறுபடியும் அந்த விழாவைக் கொண்டாடினார்!

பிறகு ஒரு தப்புக் கணக்கும் நடந்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை என்று, இத்தனை வருடம் படித்தால்தான் பார் மிட்ஸ்வா நடத்துவோம் என்று ஆலயங்கள் விதி போட்டன. வகுப்பு நிறைந்தது. ஆனால் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மனதில் பதிந்தது என்ன? விழாவுக்காகப் படிப்பு, விழா முடிந்தால் படிப்பு முடிந்தது. ரப்பிகளே சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டு. ஓர் ஆலயத்தில் எலித் தொல்லையாம். என்ன செய்தும் போகவில்லை. கடைசியில் ரப்பி எல்லா எலிகளுக்கும் பார் மிட்ஸ்வா நடத்தி வைத்தார். அன்றோடு ஓர் எலிகூட அந்தப் பக்கம் வரவில்லையாம்!

சிரித்துவிட்டு நம் வீட்டையும் பாருங்கள். அரங்கேற்றம் முடிந்ததும் சலங்கை பரணுக்குப் போன வீடுகள் நம் உறவிலேயே எத்தனை?

எதுதான் பிள்ளைகளைத் தங்க வைத்தது? நான் படித்தவரை, பாடத்தை மட்டும் நம்பாத இடங்களில்தான் அவர்கள் தங்கினார்கள். 1924இல் ஒமாஹா நகரில் யூதப் பையன்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பள்ளியில் மற்றவர்களின் சங்கங்களில் அவர்களைச் சேர்க்கவில்லை என்பதே காரணம். 1944இல் பெண்களுக்கும் சங்கம் வந்தது. 1947இல் விஸ்கான்சின் மாநிலத்தில் 'ராமா' கோடை முகாம் தொடங்கியது. ஏரி, படகு, விளையாட்டு, இடையிடையே எபிரேயம், மறைப் படிப்பு. ரப்பிகளும் ஆசிரியர்களுமாகப் பலர் அங்கிருந்து வந்தார்கள். இன்று பல ஆலயங்களில் 13 வயது தாண்டிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியர்களாக வைக்கிறார்கள். பழைய டால்முடின் துணை ஆள்தான், நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான். "நீ படி" என்று சொன்னால் போய்விடுகிற வயது அது. "நீ இல்லாமல் இந்தக் குட்டிகளை நான் எப்படிச் சமாளிப்பேன்?" என்று கேட்டால் நின்றுவிடும்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன்.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். இடைநிலை ஆசிரியை. எட்டாம் வகுப்போடு என் வேலை முடிந்தது. சரியாக 13 வயதில் மாற்றுச் சான்றிதழை உங்கள் கையில் கொடுத்து, தலையில் கை வைத்து அனுப்பிவிடுவேன். 'முடிஞ்சிடுச்சு' என்று நானும் நினைத்தேன்.

ஒரு பையன் இருந்தான். கணக்கில் கெட்டி. எட்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில் தினமும் தாமதமாக வந்தான். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கடுமையாகப் பேசிவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். பிறகுதான் தெரிந்தது, விடியற்காலையில் அப்பாவோடு மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தான் என்று. பரீட்சைக்கு வந்தான், பாஸ் ஆனான், சான்றிதழ் வாங்கினான். ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை. அவன் வீடு எனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளித்தான். போய்க் கேட்டிருக்கலாம். எட்டோடு என் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஆசிரியர் கோபித்ததால் எழுந்து போன அந்தப் பழங்காலத்துப் பையனைப் பற்றிப் படித்தபோது, இவன் முகம்தான் தெரிந்தது.

அவன் இதைப் படிக்கிறானா என்று தெரியாது. படித்தால், தம்பி, தப்பு என் மேல்தான். ஒருநாள் வீட்டுக்கு வா.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எட்டு, ஒன்பது, பத்து முடித்துவிட்டு எதையோ விட்டுவிட்ட பிள்ளை ஒன்று இருக்கும். ஏன் விட்டாய் என்று அதட்டாதீர்கள். உனக்குத் தெரிந்ததை இந்தச் சின்னதுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடேன் என்று கேட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். இப்போதும் ஒவ்வொன்றையும் திருத்தி மதிப்பெண் போடத் தயாராக இருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்