துரை வாயில் இருந்த பைப்பும் அதைக் கடைந்த உளியும்

கருவிகளின் வரலாறு என்று நம் கையில் தரப்படுவதெல்லாம் கண்டுபிடித்தவனின் பெயர், காப்புரிமை வாங்கிய ஆண்டு, கம்பெனி முத்திரை, அவ்வளவுதான். பட்டறையில் நின்று வேலை செய்கிறவன் தன் வேலைக்குத் தோதாகத் தானே செய்துகொண்ட உளிக்கு அதில் இடம் கிடையாது. உழைக்கிறவனுக்குக் கை மட்டும்தான், மூளை கிடையாது என்பது சாதியமும் முதலாளியமும் சேர்ந்து நடத்தும் பாடம். அந்தப் பாடத்தை ஒரு சின்னப் பொருளை முன்வைத்துக் கேள்வி கேட்கலாம்: புகையிலை பைப்பின் காம்பு.

பைப்பில் புகையிலை எரியும் கிண்ணம் பிரையர் என்ற புதரின் வேர்க்கட்டை. வாயில் வைக்கும் காம்பு பெரும்பாலும் எபோனைட். காம்பின் நுனியைக் கழுந்தாகக் கடைந்து, கிண்ணத்தின் கழுத்திலுள்ள துளையில் செருக வேண்டும். கழுந்து மயிரளவு பருத்தால் கழுத்து வெடிக்கும். மெலிந்தால் கழன்று விழும். இதற்கென்று காம்பு கடைகிறவர்கள் தாங்களே ஒரு கருவி செய்துகொள்வதுண்டு. ஒரு இரும்புத் துண்டு, அதன் நடுவில் மெல்லிய ஊசி, பக்கத்தில் வெட்டும் அலகு. லேத்தில் பூட்டி ஓட்டினால் ஊசி காம்பின் புகையோட்டைக்குள் நுழைந்து மையம் பிடிக்கும். அலகு சுற்றிலும் சீவும். ஊசிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைத்தால் கழுந்தின் பருமன் மாறும். அலகைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. தேய்ந்துபோன அரமோ ஒடிந்த டிரில் பிட்டோ போதும். அரத்தைச் சாணை பிடிக்கும்போது விளிம்பில் நீலம் பாய்ந்தால் பதம் போச்சு. அப்பப்ப தண்ணியில் முக்கி எடுக்கணும். அலகு மழுங்கினால் எபோனைட் சூடேறிக் கந்தக நாத்தம் அடிக்கும். அங்கே மூக்குதான் அளவுகோல். இது அறிவு இல்லையென்றால் வேறு எதுதான் அறிவு?

இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் பிரான்சின் ஜூரா மலையிலுள்ள சேன் குளோட். 1850களில் அங்கே பிரையர் பைப் கடையத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே மடத்துக்கு வரும் யாத்திரிகர்களுக்காக ஜெபமாலை மணியும் பொடி டப்பியும் கடைந்த ஊர் அது. அந்த மலைமக்களில் பெரும்பாலோர் 18ஆம் நூற்றாண்டிலும் மடத்தின் பண்ணையடிமைகள். அடிமை சாகும்போது கூடவே ஒரே கூரையின் கீழ் வாழும் வாரிசு இல்லையென்றால், நிலமும் வீடும் மடத்துக்குப் போய்விடும். உயில் எழுதும் உரிமை கிடையாது. அவர்கள் மேல் உட்கார்ந்திருந்த குருமார் பிறப்பால் பிரபுக்களாக இருக்க வேண்டும் என்பது விதி. பிறப்பை வைத்து அதிகாரம் செய்வது நமக்கு மட்டும் தெரிந்த சங்கதியல்ல. கிறிஸ்தேன் என்ற உள்ளூர் வக்கீலும் வால்டேரும் 1770களில் இவர்களுக்காக வழக்காடினார்கள், எழுதினார்கள். 1777இல் பெசன்சோன் நீதிமன்றம் மடத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1789இன் புரட்சிதான் அந்தத் தளையை அறுத்தது.

பிறகு அதே ஊரின் தொழிலாளர்கள் 1881இல் ‘லா ஃபிராத்தெர்னெல்’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1910இல் மக்கள் இல்லம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். அதில் நாடக அரங்கு உண்டு, அச்சகம் உண்டு. கருவியைத் தானே செய்யத் தெரிந்தவன் அமைப்பையும் தானே கட்டினான். ஆனால் பண்ணையடிமை முறையும் தீண்டாமையும் ஒன்றல்ல. அங்கே சட்டம் மாறியதும் அடிமையின் பேரன் வெறும் கடைசல்காரனானான். இங்கே 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததாகச் சொன்ன பிறகும், தொழிலை விட்டாலும் ஊரை விட்டாலும் சாதி கூடவே வருகிறது.

கடல் தாண்டியும் வந்தது. அதற்கும் இந்தக் காம்பே சாட்சி. எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து, பல மணி நேரம் வேகவைத்து இறுக்கியது. அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? 1885 முதல் 1908 வரை லியோபோல்டு மன்னனின் காங்கோவில் ரப்பருக்காகக் கறுப்பு மக்களின் கைகள் வெட்டப்பட்டன. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்கு எடுத்துப்போன விதைகளின் வழியாக ரப்பர் மரம் ஆசியாவுக்கு வந்தது. மலேயாவில் காடழித்துத் தோட்டம் போட்டார்கள். கங்காணிகள் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களில் கணிசமானோர் நம்ம சனம். தோட்டத்து லயன்களிலும் பல இடங்களில் சாதி இந்துக்களுக்கு ஒரு வரிசை, ஆதிதிராவிடருக்குத் தனி வரிசை. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கை இறக்கிய பால், உலகச் சந்தையில் கலந்து, கம்பெனி முத்திரையோடு கனவான்களின் வாய்க்குள் போனது. சாதி பார்த்தவனும் அந்தப் பைப்பை வாயில் வைத்தான். அப்போது எந்தத் தீட்டும் குறுக்கே நிற்கவில்லை.

பால் வெட்டும் கத்தியையும் பாருங்கள். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், வெட்டியவன் திட்டு வாங்குவான். மேலாக வெட்டினால் பால் இறங்காது, கூலி குறையும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலளவு. விடியுமுன் இருட்டில், ஒரு மரம் விட்டு ஒரு மரமாக அந்த நூலளவைக் கண்டுகொண்ட கைக்கும், சேன் குளோட்டில் கழுந்து கடைந்த கைக்கும் அறிவில் என்ன ஏற்றத்தாழ்வு? ஒன்றைக் கைவினை என்றார்கள், மற்றதைக் கூலி வேலை என்றார்கள். அந்தப் பிரிவினை கத்தியில் இல்லை, பெயர் வைத்தவனிடம் இருக்கிறது.

மலேயாவிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் சேரிகளில் இருக்கிறார்கள். எத்தனை மரம், என்ன கூலி என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். கத்தியை எந்தக் கல்லில் தீட்டினார்கள், கைப்பிடியை எப்படி மாற்றிக்கொண்டார்கள், யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றும் கேட்போம். பட்ட துன்பத்தை மட்டும் பதிவு செய்தால் நாம் பாவப்பட்டவர்களாகத்தான் நிற்போம். கண்டுபிடித்ததையும் சேர்த்து எழுதும்போதுதான் அது நம் வரலாறு.