மிளகாயின் வடிவும் வித்தின் வாய்மையும்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் சொந்த ஊர் சென்று திரும்பும்பொழுது, அவர்தம் மூட்டையில் மிளகாய் வற்றலுக்குத் தவறாமல் ஓரிடம் உண்டு. இராமநாதபுரத்தார் முண்டு மிளகாயைக் கொணர்வர். சாத்தூர்ப் பக்கத்தார் சம்பா மிளகாயைக் கொணர்வர். இந்நகரத்துக் கடைகளிலோ பேடகி மிளகாய் குவிந்து கிடக்கும். ஒன்று உருண்டை; மற்றொன்று நீளம்; பிறிதொன்று மேனியெங்கும் சுருக்கம். ஒரே காய் இத்தனை வடிவம் கொண்டது எவ்வாறு? அவ்வடிவம் பிறழாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்ல வழி யாது? இவ்விரு வினாக்களையும் சிறிது ஆராய்வோம்.

மிளகாய் நம் நாட்டில் தோன்றிய பயிரன்று. சங்க காலத் தமிழரின் உணவுக்குக் காரம் தந்தது ‘கறி’ எனப்பட்ட மிளகேயாகும். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்த பின்னரே மிளகாய் பிற கண்டங்களுக்குப் பரவிற்று. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக அது இந்தியாவின் மேலைக் கரையை எய்தியது. புதிய காய்க்குத் தமிழர் பழைய மிளகின் பெயரையே சார்த்தி ‘மிளகாய்’ என்றனர். கன்னடத்தாரும் ‘மெணசு’ என்னும் மிளகின் பெயரால் ‘மெணசினகாயி’ என்றனர். வந்த விருந்தினரைப் பழைய உறவினர் பெயரிட்டு அழைத்தாற்போன்றது இது.

வந்த வழியை உலகம் விரைவில் மறந்தது. 1542இல் மூலிகை நூல் வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ், மிளகாயைக் ‘கள்ளிக்கோட்டை மிளகு’ என்று குறித்தார். அது இந்தியாவிலிருந்து வந்ததெனவே நம்பினார். 1613இல் வெளிவந்த பெஸ்லரின் பெருநூலில், ஐக்ஸ்டெட் நகரத்து ஆயரின் தோட்டத்தில் வளர்ந்த பலவகை மிளகாய்களின் ஓவியங்கள் உள்ளன. மிளகாயின் விந்தை வடிவங்களில் மனிதர் மனம் பறிகொடுத்தது இன்று நேற்றன்று என்பதற்கு அவ்வோவியங்களே சான்று. 1776இல் ஜாக்கின் என்னும் அறிஞர் ஓர் இனத்திற்குச் ‘சீனத்து மிளகாய்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். அதன் தாயகமோ தென் அமெரிக்கா! அறிஞர்க்கே ஊரும் பெயரும் மாறிப்போனது என்றால், விதைப் பொட்டலத்தின் மேலுள்ள பெயரை மட்டும் நம்புவது எங்ஙனம்?

மனிதர் பயிரிட்டு வளர்த்த மிளகாய் இனங்கள் ஐந்து. அவற்றுள் ஓரினத்தில், ஆயரின் தலையணியை ஒத்து மூன்று நான்கு மடல்கள் விரிந்த காய் உண்டு. பிறிதோர் இனத்தில் ஸ்காத்லாந்தியர் குல்லாயை ஒத்து நெளிந்த காய் உண்டு. நம் குடைமிளகாயும் ஒரு காலத்தில் விந்தைக் காயாகவே இருந்திருக்கும். 1973இல் பெங்களூரின் இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் நிறுவனம் ‘பாரத்’ என்னும் கலப்பினக் குடைமிளகாயை வெளியிட்டது. பிற நாட்டு வித்துக்கு இந்நகரம் புதிதன்று. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கிற்குத் திப்பு சுல்தான் பல நாடுகளிலிருந்து செடிகளையும் வித்துக்களையும் வருவித்தார்.

இனி வித்தின் வாய்மையைக் காண்போம். கலப்பின வித்தின் முதல் தலைமுறை ஒரே சீராகக் காய்க்கும். அதன் காயிலிருந்து எடுத்த வித்தோ பல வடிவாய்ச் சிதறும். நாட்டு வகையிலும் ஓர் இடர் உண்டு. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லதாயினும், தேனீக்கள் அயல் மகரந்தத்தையும் கொணரும். மாடியில் ஒரு தொட்டியில் முண்டும், அடுத்த தொட்டியில் பேடகியும் இருப்பின் அவ்வாண்டுக் காய் மாறுவதில்லை. கலப்பு வித்தினுள் ஒளிந்து நிற்கும். மறு ஆண்டு அதனை விதைத்தவர், உருண்டைக் காயை எதிர்பார்த்து நீண்ட காயைக் கண்டு, விதை கொடுத்தவரை நொந்துகொள்வர். பிழை அவருடையதன்று.

இதற்குப் பரிகாரம் எளிது. மொட்டு விரியுமுன் மெல்லிய துணிப்பையால் கிளையை மூடுக. நாள்தோறும் மெல்ல அசைத்துவிடுக. காய் பிடித்ததும் பையை நீக்கி, நூல் கட்டி அடையாளமிடுக. செடியிலேயே முற்றிப் பழுத்த காயின் வித்தை நிழலில் உலர்த்தி, வகையும் ஆண்டும் எழுதி வைத்திடுக. நல்ல வித்தை நாடுவோர், 1967இல் நிறுவப்பெற்று ஹெசரகட்டாவில் இயங்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகலாம். அயல்நாட்டு வித்தை அஞ்சலில் வருவிப்போர், 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடை ஆணைக்கு உட்பட்டவர் என்பதையும் மறவாதிருப்பாராக. அழகிய வண்ணப்படம் வித்தின் சான்றாகாது. விளைந்த காயே சான்று.

பேடகி மிளகாய் 2011இலும், இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. பேடகியில் மெலிந்து நீண்டதனைக் ‘கட்டி’ என்பர். கன்னடத்தில் அச்சொல் குச்சியைக் குறிக்கும். குறுகிப் பருத்ததனை ‘டப்பி’ என்பர். காயின் வடிவே பெயராயிற்று. குறியீடு பெயரைக் காக்கும். வித்தைக் காப்பது உழவர் கையும் நம் கையுமேயாம். ஊரிலிருந்து கொணர்ந்த வற்றலை எல்லாம் அரைத்துத் தீர்ப்பதற்கு முன், நன்கு பழுத்து உலர்ந்த நான்கு காய்களை வித்துக்கென ஒதுக்கி வைப்போமாக. கடல் கடந்து வந்த மிளகாய் நம்முடையதாயிற்று. மாநிலம் கடந்து வந்த நாம், அதன் வடிவம் கெடாமல் நம் மக்களிடம் ஒப்படைப்பது அரிதன்று.