குருதி அளவும் மனித இயல்பும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

குருதியின் செம்மையை எண்ணால் அளந்தறியும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றையுடையது. அவ்வெண் இருவகை மனிதரின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையதாய் அமைந்துள்ளது. ஒருவர், ஐரோப்பிய வீதிகளிலே புகழீட்டிய துவிச்சக்கரவண்டி ஓட்ட வீரர். மற்றவர், இலங்கைத் தோட்டங்களிற் கொழுந்தெடுத்தும் பால்வெட்டியும் வாழ்ந்த தொழிலாளி. முன்னவர் குருதியில் எண் மிகுந்தபோது அது ஐயத்துக்கு இடமாயிற்று. பின்னவர் குருதியில் எண் குறைந்திருந்தமையோ நெடுங்காலம் எவரையும் உறுத்தவில்லை. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்குவைத்து நோக்கி, 'இயல்பான அளவு' என்பது எதனால் தீர்மானிக்கப்படுகின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செங்குருதிக் கலங்களிலுள்ள ஈமோகுளோபின் என்னும் பொருளே நுரையீரலிலிருந்து ஒட்சிசனைத் தசைகளுக்கு எடுத்துச் செல்வது. 100 மில்லிலீற்றர் குருதியில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்த அளவு குருதிச்சோகையைக் குறிக்குமென உலக சுகாதார நிறுவனம் 1968 இல் வகுத்த எல்லை பெருவழக்குப் பெற்றது. குருதியின் கனவளவிற் செங்கலங்கள் வகிக்கும் நூற்றுவீதம் மற்றோர் அளவாகும். அது பொதுவாக ஈமோகுளோபின் எண்ணின் ஏறத்தாழ மும்மடங்காக அமையும். எனினும் இவை கல்லிற் பொறித்த எண்கள் அல்ல. பால், வயது, கருப்பம், உடலின் நீர்நிலை, பரம்பரை, வாழுமிடத்தின் உயரம் ஆகிய யாவும் இவற்றை மாற்றவல்லன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீற்றர் உயரத்திலுள்ள பொகோட்டா நகரத்தவரின் குருதி, இரத்தினபுரித் தாழ்நிலத்தவரின் குருதியிலும் இயல்பாகவே செறிவு மிக்கதாயிருக்கும். அங்கு காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவாதலின், அதனை ஈடுசெய்ய உடல் செங்கலங்களை மிகுதியாக ஆக்குகின்றது.

இனிச் சப்பிரகமுவத்தை நோக்குவோம். 1889 இல் தனி மாகாணமாக்கப்பட்ட இப்பகுதியின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் மழைவளம் மிக்கவை. இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் செழித்த மண் அது. இறப்பர் மரங்களை வளர்த்த அதே வெப்பமும் ஈரமும் நிழலும் கொளுக்கிப்புழுவையும் வளர்த்தன. மலசலகூட வசதியற்ற லயங்களைச் சூழ்ந்த மண்ணில் அப்புழுவின் முட்டைகள் பொரித்தன. வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்துக் குடம்பிகள் உட்புகுந்தன. ஈற்றிற் குடலிலே தங்கிய புழுக்கள் நாளும் சிறிது சிறிதாகக் குருதியை உறிஞ்சின. இரும்புச்சத்துக் குறைந்த உணவும் அடுத்தடுத்த மகப்பேறும் சேர்ந்தபோது, பெண்தொழிலாளரின் குருதி மேலும் வறிதாயிற்று.

தோட்டத் தொழிலாளரின் நோய்கள் குறித்து 1912 இல் இரு கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினரிடம் இப்புழு காணப்பட்டது. மருந்து கொடுத்தால் உழைப்புத் திறன் பெருகும் என்பதே தோட்டத்துரைமார் முன் வைக்கப்பட்ட முதன்மையான நியாயங்களுள் ஒன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. இப்புழுவுக்குச் 'சோம்பற் கிருமி' என்னும் பெயரை 1902 இல் அமெரிக்கப் பத்திரிகையுலகம் பரப்பியிருந்தது. நோயாளியின் களைப்பை அவரது குணக்குறையாகக் கண்ட நோக்கு அப்பெயரிலேயே வெளிப்படுகின்றது.

தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நாளாந்தப் பதிவு ஒன்று இருந்தது. அது செக்றோல். பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்தமையும், நிறுவையில் விழுந்த கொழுந்தின் இறாத்தலும், முழுப்பேரா அரைப்பேரா என்பதும் அதிற் பிசகாது பதியப்பட்டன. அவளுடைய குருதியின் அளவுக்கு அதில் இடமிருக்கவில்லை. நிறுவை குறைந்த நாளில் அரைப்பேர் விழுந்தது. நிறுவை குறைந்தமைக்குக் காரணம் அவளுடைய குருதியிலேயே இருக்கலாம் என்பதைக் காட்ட ஓர் ஏடும் இருக்கவில்லை.

இத்தொடர்பை எண்களால் நிறுவிய ஆய்வுகள் 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்ந்தன. கார்ட்னர், எட்ஜேட்டன், சேனவிரத்ன முதலியோர் 1977 இல் வெளியிட்ட ஆய்வு, 75 பெண்தொழிலாளரை ஓடுபொறியில் நடக்கச்செய்து அவர்தம் தாங்குதிறனை அளந்தது. அவர்களுடைய ஈமோகுளோபின் 6.1 முதல் 15.9 கிராம் வரை வேறுபட்டிருந்தது. அளவு குறைந்தோர் விரைவிலே களைத்தனர். 1979 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வோ தொழிற்களத்தையே ஆய்வுகூடமாக்கியது. ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும் மற்றொரு சாராருக்கு மருந்தற்ற வில்லையும் வழங்கி, அவர்கள் பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டது. ஒரு மாதத்தின் பின், ஈமோகுளோபின் உயர்ந்தோர் கூடுதலாகப் பறித்தனர். 6 முதல் 9 கிராம் வரையே கொண்டிருந்தோரிடம் முன்னேற்றம் மிகுந்து காணப்பட்டது. அன்றாட வாழ்விலும் அவர்களுடைய உடலியக்கம் கூடியது. சோம்பல் எனப்பட்டது சோகையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதே ஈமோகுளோபின் துவிச்சக்கரவண்டிப் போட்டியில் வேறொரு வரலாற்றைப் படைத்தது. செங்கலங்களைப் பெருக்கும் எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோன் செயற்கையாக ஆக்கப்பட்டு, சிறுநீரக நோயாளருக்கான மருந்தாக 1989 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளருக்கு வாழ்வளித்த அம்மருந்து விரைவிலே வீரர்களிடமும் சென்று சேர்ந்தது. 1990 இல் அது தடைசெய்யப்பட்டபோதிலும், அதனைக் கண்டறியும் சோதனை அன்று இருக்கவில்லை. ஆகவே சர்வதேசத் துவிச்சக்கரவண்டிச் சங்கம் 1997 இல் ஓர் எல்லையை விதித்தது: செங்கல வீதம் ஆண்களுக்கு 50, பெண்களுக்கு 47, மேற்படின் போட்டியினின்று விலகல் வேண்டும். 1999 ஜூன் 5 ஆம் நாள், இத்தாலியச் சுற்றுப்போட்டியில் முன்னணியில் நின்ற மார்க்கோ பன்ரானி 52 வீதங் காட்டி விலக்கப்பட்டார். இது குற்ற நிரூபணமன்று. உடல்நலங் கருதிய இடைநிறுத்தம் மட்டுமே.

இவ்வெல்லையின் குறை எளிதிற் புலப்படும். இயல்பாக 42 வீதமுடையவர் ஊக்கமருந்தால் மேலும் எட்டு அலகு உயர்ந்தும் அகப்படாதிருக்கலாம். இயல்பாக 48 உடையவருக்கோ இரண்டு அலகே இடைவெளி. எல்லை ஏமாற்றுவோருக்கு இலக்காகவும், இயற்கையாற் செறிந்த குருதியுடையோருக்குப் பொறியாகவும் ஆயிற்று. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மன்ரிரான்ரா 1960, 1964 ஒலிம்பிக் போட்டிகளில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றவர். அவருடைய ஈமோகுளோபின் 20 கிராமையும் கடந்திருந்தது. அவருடைய குடும்பத்திலே வழிவழி வந்த மரபணு மாற்றமே காரணமென 1993 இல் நிறுவப்பட்டது.

இச்சிக்கலுக்கு விடையாக 2008 இல் துவிச்சக்கரவண்டிச் சங்கம் உயிரியற் கடவுச்சீட்டு முறையைக் கொணர்ந்தது. ஒரு வீரரின் ஈமோகுளோபினையும் இளஞ் செங்கல வீதத்தையும் பல தடவை அளந்து, அவருக்கே உரிய எல்லைகளைக் கணித்து, அவ்வெல்லைகளை மீறும் மாற்றத்தை நிபுணர் ஆராய்வர். பிறரோடன்றித் தம்மோடு தாமே ஒப்பிடப்படுதல் இதன் அடிப்படையாகும். ஆயினும் இத்தகைய குருதிச் சான்றும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஜேர்மனியப் பனிச்சறுக்கோட்ட வீராங்கனை குளோடியா பெக்ஸ்ரைன், இளஞ் செங்கலங்கள் மிகுந்தமைக்காக 2009 இல் ஈராண்டு தடைசெய்யப்பட்டார். அது பரம்பரைக் குருதிக் குறைபாட்டின் விளைவென மருத்துவர்கள் பின்னர்க் கூறினர்.

தம்மோடு தாமே ஒப்பிடும் இம்முறையைத் தோட்டத் தொழிலாளிக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். இளமை முதலே புழுவாலும் பசியாலும் வறிய குருதியோடு வளர்ந்தவளுக்கு, அவளுடைய 'தன்னியல்பு' என்று பதிவாவது நோயின் அளவேயன்றி உடல்நலத்தின் அளவன்று. இரும்புச்சத்துப் பெற்று அவளது ஈமோகுளோபின் சில வாரங்களிலே திடீரென உயர்ந்தால், கடவுச்சீட்டின் கணிதம் அதனை ஐயத்துக்குரிய ஏற்றமெனக் குறிக்கக்கூடும். வீரரிடம் களவெனக் கருதப்படும் அதே ஏற்றம், இவளிடம் பறிபோனதை மீளப்பெறுதலாகும். அதற்கு மாறாக, தலசீமியாப் பண்பைப் பரம்பரையாகத் தாங்கியோரின் அளவு சற்றுக் குறைந்திருத்தல் அவர்க்கு இயல்பே. இரும்புச்சத்து அதனை மாற்றாது. ஆகவே பொது எல்லையும் தனி எல்லையும் தம்மளவிற் போதா. எண்ணுக்குப் பின்னுள்ள வாழ்வின் வரலாறு அறியப்பட்டாலன்றி, இயல்பையும் நோயையும் களவையும் பிரித்தறிதல் அரிது.

வீரரின் குருதி அடிக்கடி அளக்கப்படுவதற்குக் காரணம், அதிற் பரிசும் புகழும் பணமும் தங்கியிருப்பதே. தோட்டப் பெண்ணின் குருதியில் ஒரு நாட்டின் ஏற்றுமதி வருவாய் தங்கியிருந்தது. இருந்தும் ஆய்வாளர் வந்தபோதன்றி அது அளக்கப்பட்டமை அரிது. அவ்வாய்வுகளும் அவளுடைய நலத்தைப் பெரும்பாலும் கொழுந்தின் நிறையாலேயே எடுத்துரைத்தன. களைப்பின்றிப் பிள்ளையைத் தூக்குதற்கும், மாலையில் ஏடு புரட்டுதற்கும் குருதி வேண்டும் என்பதை எந்தத் தராசும் காட்டாது. தோட்ட மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், செக்றோலின் பக்கத்தில் இல்லாதுபோன அந்த ஏட்டையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். இன்று சப்பிரகமுவத் தோட்டங்களிற் பணிபுரியும் ஒவ்வொரு பெண்ணும் தன் குருதியின் அளவைத் தொடர்ந்து அறிந்து, அப்பதிவைத் தன் கையிலேயே வைத்திருத்தல் சலுகையன்று. நெடுங்காலம் கொடுக்கப்படாதிருந்த கடனாகும்.