பழவேற்காட்டுப் பாடு: ஏரியில் இருந்த நிர்வாகவியல்

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி யூனிட் வண்டியில் ஏறினால் மீஞ்சூருக்கு அடுத்து அனுப்பம்பட்டு, அதற்கடுத்து பொன்னேரி. பொன்னேரியில் இறங்கி கிழக்கே பஸ் பிடித்தால் பழவேற்காடு. நிர்வாகவியல் வகுப்புகளில் இப்போது அதிகம் அடிபடும் ஒரு கேள்விக்கு இந்த வழித்தடத்தின் கடைசியில் ஒரு பழைய பதில் இருக்கிறது.

கேள்வி இதுதான். ஒரு நிறுவனம் இயற்கையை அழிக்காமல் நீண்ட காலம் தொழில் செய்ய வேண்டும் என்றால், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தனித் துறை போதுமா? இல்லை, கொள்முதல், உற்பத்தி, கணக்கு, ஆள் எடுப்பது, விற்பனை என்று ஒவ்வொரு துறையின் அன்றாட வேலைக்குள்ளும் அந்த யோசனை இருக்க வேண்டுமா? இந்தியாவில் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் முதல் வழியில் போனது. பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்றது. லாபம் எப்படி வந்தது என்று அந்த 2 சதவீதம் கேட்பதில்லை! பிறகு செபி 2021இல் கொண்டுவந்த அறிக்கை முறை இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தது. 2022-23 நிதியாண்டு முதல் பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் நிலை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு காட்ட வேண்டும்.

இனி ஏரிக்கு வருவோம்.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரை அனுப்பும். இந்தக் கலப்புதான் இறாலுக்குப் பிடிக்கும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்ததும் மறுபடி அதே வழியாகக் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்கள்தான் ஏரியிலேயே விலை மதிப்பான இடங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும் இரவுகளில் அங்கே வலை கட்டினவனுக்கு யோகம்.

எல்லோரும் அங்கேயே கட்டினால்? அடிதடி, அறுந்த வலை, கடைசியில் இறாலும் இல்லை. காரெட் ஹார்டின் 1968இல் "பொதுவுடைமையின் அவலம்" என்று இதைத்தான் எழுதினார். பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் ஒரு மாடு கூடுதலாக விடுவான், நிலம் அழியும் என்றார். பழவேற்காட்டு மீனவர்கள் இதற்கு வைத்திருந்த மருந்தின் பெயர் பாடு.

பாடு என்றால் முறை, பங்கு, மீன் பிடிக்கும் இடம் என்று எல்லாம்தான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்து மீனவர்கள் இதைக் கட்டிக் காத்தார்கள். தலைக்கட்டு என்று எண்ணப்படும் ஆண்களின் பட்டியல் இருக்கும். நல்ல இடங்கள் எவை என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். யார் எந்த இடத்தில் எந்த நாளில் என்பதை சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள், பிறகு அது சுற்றிச் சுற்றி வரும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம். செபாஸ்டியன் மேத்யூ 1991ஆம் ஆண்டு ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக எழுதிய ஆய்வு இந்த முறையை வெளியுலகுக்கு விரிவாகக் காட்டியது.

இதை ஒரு கம்பெனியாக நினைத்துப் பாருங்கள். ஆள் சேர்ப்பது தலைக்கட்டுப் பட்டியல். உற்பத்தித் துறை என்றால் கழி ஊன்றிக் கட்டும் சுத்து வலை. அந்த இடத்தில் அந்த வலைதான். திட்டமிடல் துறையின் வேலையை நிலாவும் நீரோட்டமும் செய்தன. நிதித் துறைக்கு ஊர் வரி, கோயில் செலவு. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து. அளவு மீறாதே என்ற யோசனைக்கு மட்டும் தனியாக ஒரு அலுவலகமும் இல்லை, அதிகாரியும் இல்லை. அது மற்ற எல்லா விதிகளுக்குள்ளும் கரைந்து இருந்தது. ஒரு இரவில் இத்தனை வலைதான் என்று ஆகிவிட்டால், மிச்ச இறால் தானாகக் கடலுக்குப் போய்ச் சேரும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடு முறையை இயற்கைப் பாதுகாப்புத் திட்டம் என்று புகழ்வது கொஞ்சம் மிகை. அதன் முதல் நோக்கம் சண்டை வராமல் பங்கு போடுவது. ஏரி காப்பாற்றப்பட்டது கூடவே கிடைத்த பலன். இன்னொன்றும் உண்டு. பங்கு யாருக்கு என்பதைச் சாதி தீர்மானித்தது. தலித் மீனவர்கள், மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் நல்ல இடங்களுக்கு வெளியே. இருளர் பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்களுக்குச் சீட்டும் இல்லை, முறையும் இல்லை. பெண்கள் பெயரே பட்டியலில் கிடையாது. ஏரிக்கு நல்லதாக இருந்த விதி எல்லா மனிதருக்கும் நல்லதாக இருந்தது என்று சொல்ல முடியாது. எலினார் ஆஸ்ட்ரம் (2009இல் பொருளாதார நோபல் பெற்றவர்) ஊர்கள் தாங்களே பொதுச் சொத்தைக் காக்க முடியும் என்று ஹார்டினுக்குப் பதில் சொன்னார். முதலில் யார் உறுப்பினர் என்ற எல்லை தெளிவாக வேண்டும் என்பது அவர் சொன்ன நிபந்தனைகளில் ஒன்று. அந்த எல்லையை யார் போடுகிறார்கள் என்ற கேள்விதான் பழவேற்காட்டில் வெடித்தது. இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியதும், வெளியே நின்றவர்கள் எங்களுக்கும் பங்கு கொடு என்றார்கள். நியாயமான கேள்விதானே? ஆனால் வலைகள் கூடக் கூட ஒருவருடைய முறை வரும் நாட்கள் குறைந்தன.

உண்மையான கம்பெனி ஒன்றும் இதே ஊரில் இருந்தது என்பது சுவாரஸ்யம். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கியது. 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். துணி ஏற்றுமதி, வெடிமருந்து உற்பத்தி, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. பஞ்ச காலங்களில் மனிதர்களை அடிமைகளாக பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியதற்கும் கணக்கு இருந்தது. கணக்கு எழுதுவதும் பொறுப்பாக நடப்பதும் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கம்பெனி 1799இல் கலைந்தது. கல்லறைகள் இன்னும் இருக்கின்றன, போனால் பார்க்கலாம்.

அடுத்த அலை 1990களில் வந்தது. கடலோரம் முழுக்க இறால் பண்ணைகள். குளம் வெட்டு, குஞ்சு விடு, தீனி போடு, சில மாதத்தில் ஏற்றுமதி. பண்ணைக் கணக்கில் குஞ்சு விலை இருந்தது, தீனி விலை இருந்தது. கழிவு நீரைக் கால்வாயில் விடுவதற்கும், பக்கத்து வயலும் கிணறும் உப்பாவதற்கும் கணக்கில் இடமில்லை. 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாக இறாலைக் கொன்றது. ஒரு குளத்தின் கழிவு அடுத்த குளத்துக்கு நல்ல தண்ணீராகப் போனால் வேறென்ன நடக்கும்?

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு சொன்னது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைகள் கூடாது, சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் கூடாது, கெடுத்தவரே நஷ்டஈடு தர வேண்டும் என்றது. பின்னர் 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் தொழிலுக்கு மறுபடி வழி திறந்தது. இருந்தாலும் ஏரியின் பெயர் அந்தத் தீர்ப்பில் தனியாக இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கும் கரைவலைக்குப் பாடு உண்டு. நீர்கொழும்பு களப்பின் கட்டுவலைக்கு 1958லேயே அரசு தனி ஒழுங்குவிதி போட்டது. களப்பில் சீட்டு எடுத்து இடம் பிரிக்கும் ஊர்ச் சங்கங்களின் வழக்கத்துக்குப் பின்னால் சட்டம் நின்றது. பழவேற்காட்டுப் பாட்டுக்கு அப்படி ஒரு சட்டத் துணை கிடைக்கவில்லை. ஊர் சொன்னால் ஊர்க்காரன் கேட்பான். ஏரிக்கு வெளியே இருப்பவன் ஏன் கேட்க வேண்டும்?

வெளியே இருப்பவர்கள் பெரியவர்கள். தெற்கே 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர் துறைமுகம், அதற்குப் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். காட்டுப்பள்ளியை எல் அண்டு டி கட்டியது, 2018இல் அதானி குழுமம் வாங்கியது. கடலுக்குள் நீளும் தடுப்புச்சுவர்கள் கரையோர மணல் நகர்வைத் தடுக்கும், ஒரு பக்கம் மணல் சேரும், இன்னொரு பக்கம் அரிக்கும். இது கடலோரப் பொறியியலில் பாலபாடம். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, பழவேற்காடு வடக்கே இருக்கிறது. முகத்துவாரம் மணலால் அடைபடுவது புதிதல்ல. ஆனால் அடைபட்டால் இறால் குஞ்சுக்கு வழி இல்லை, பிறகு பாடு போட்டு என்ன பயன்?

காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை மீனவ ஊர்கள் எதிர்த்தன. 2021 ஜனவரியில் நடக்க இருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி தேதி குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது.