சைக்கிளில் குழந்தையை உட்கார வைக்கிறீங்களா? சீட் மாட்டும் முன் இதையெல்லாம் கவனிங்க!

தென்காசியில் இருந்து மேலகரம் வழியாகப் போனால் குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கும் சீசனில், குழந்தையைச் சைக்கிளில் வைத்து ஒரு ரவுண்டு போய்வர யாருக்குத்தான் ஆசை வராது? சீசன் முடிந்தாலும் அங்கன்வாடிக்கு, கடைக்கு, பாட்டி வீட்டுக்கு என்று பல குழந்தைகளின் பயணம் சைக்கிளில்தான். அக்காவுக்கோ அண்ணனுக்கோ 11ஆம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்தான் பல வீடுகளில் அந்த வண்டி.

ஆனால், கேரியரில் துண்டை மடித்துப் போட்டுவிட்டால் அது குழந்தை சீட் ஆகிவிடாது. ஏன்?

முதல் ஆபத்து போக்ஸ் கம்பி

கேரியரில் உட்காரும் குழந்தைக்குக் கால் வைக்க இடம் இல்லை. தொங்கும் கால் ஒரு நொடி உள்ளே போனாலும் சுற்றும் போக்ஸ் கம்பி இழுத்துக்கொள்ளும். கம்பிக்கும் சைக்கிள் ஃபிரேமுக்கும் நடுவில் குதிகாலும் கணுக்காலும் நசுங்கும். தோல் உரிவதில் இருந்து எலும்பு முறிவு வரை நடக்கலாம். இதற்கு வண்டி வேகமாகப் போக வேண்டும் என்ற அவசியமே இல்லை.

அதனால் சீட் வாங்கும்போது நிறத்தையும் மெத்தையையும் பார்ப்பதற்கு முன் இவற்றைப் பாருங்க:

• கால் வைக்கும் இடமும், காலைக் கட்டும் பட்டையும் இருக்கணும். சக்கரத்தின் பக்கம் கால் போகாதபடி பக்கவாட்டில் மறைப்பு இருக்கணும்.
• முதுகும் தலையும் சாய உயரமான சாய்மானம் வேணும். ஓடும் சைக்கிளில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கிவிடுவார்கள்.
• இரண்டு தோளிலும் மாட்டும் பெல்ட் வேணும். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது.
• ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் அதைத் துணியோ ரப்பரோ சுற்றி மூடுங்க. பின்னால் இருக்கும் குழந்தையின் விரல் அதில் நசுங்கும்.

எந்த வயது, எவ்வளவு எடை?

ஒரு வயது ஆகாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றக் கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் அமைப்பு. ஹெல்மெட்டின் எடையையும், ரோட்டின் குலுக்கலையும் அந்தக் கழுத்து தாங்காது. தானாக நிமிர்ந்து உட்காரப் பழகிய குழந்தைக்குத்தான் சீட்.

ஐரோப்பாவின் ஈஎன் 14344 தரநிலைப்படி, பின் சீட்டுக்கு 9 முதல் 22 கிலோ, முன் சீட்டுக்கு 9 முதல் 15 கிலோ. அதற்கு மேல் எடை கூடினால் ஹேண்டில் பார் நம் சொல் கேட்காது. கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே குறித்திருந்தால், சீட்டின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தையைப் பைக்கில் ஏற்றினால் பாதுகாப்பு பெல்ட், ஹெல்மெட் கட்டாயம்; வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022இல் அறிவிக்கப்பட்டு, 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதி இது. சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை என்பதால் இந்த விதி அதற்குப் பொருந்தாது. போலீஸ் கேட்க மாட்டாங்க என்பதற்காக ஹெல்மெட்டை விட்டுவிடாதீங்க. குழந்தையின் தலை அளவுக்கான சைக்கிள் ஹெல்மெட்டே போதும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில், ஆடாமல் உட்காரணும்.

தென்காசி, குற்றாலம் பக்கம் ஓட்டுறவங்களுக்கு

சீசனில் மலைக் கணவாய் வழியாக வரும் காற்று பலமாக இருக்கும். பின்னால் குழந்தை இருக்கும்போது பக்கக் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். சாரலில் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும்; பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். இத்தோடு சுற்றுலா வாகனங்களின் நெரிசல் வேறு. மெயின் ரோட்டை விட்டு உள் தெருவில் போவது நல்லது. காற்றோ மழையோ கூடினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்க.

சீட் மாட்டியதும் குழந்தையை ஏற்றிவிடாதீங்க. 10 கிலோ அரிசிப் பையை அதில் கட்டி, இரண்டு நாள் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்க. திரும்பும்போதும் நிறுத்தும்போதும் வண்டி எப்படிச் சாய்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

வண்டி நிற்கும்போதும் விழும்

சைடு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, குழந்தையைச் சீட்டிலேயே விட்டு கடைக்குள் போவது பெரிய தவறு. குழந்தை கொஞ்சம் திரும்பினாலே வண்டி சாயும். டபுள் ஸ்டாண்ட் இருந்தாலும் ஒரு கை வண்டியில் இருக்கணும். ஏற்றும்போது குழந்தை கடைசியாக, இறக்கும்போது குழந்தை முதலில்.

கால் மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?

காலை இழுக்காதீங்க, சக்கரத்தை முன்னால் உருட்டாதீங்க. வண்டியை அசையாமல் பிடித்து, சக்கரத்தை மெதுவாகப் பின்பக்கம் திருப்புங்க. முடியாவிட்டால் கம்பியை வெட்டி எடுக்கணும். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்க. காபித்தூள், மஞ்சள் எதுவும் வைக்காதீங்க. காயம் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்க. எக்ஸ்ரே, டிடி ஊசி தேவையா என்று டாக்டர் சொல்வார். முதல் நாள் நன்றாகத் தெரியும் குதிகால் தோல், சில நாளில் கறுத்துப் போகலாம். அதனால் மறுபடி வரச் சொன்னால் தவறாமல் போகணும்.

தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், வழக்கத்தை மீறிய தூக்கம் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைங்க.

கிளம்பும் முன் ஒரு பார்வை: கால் கட்டியாச்சா? பெல்ட் மாட்டியாச்சா? ஹெல்மெட்? துப்பட்டா, முந்தானை சக்கரத்தின் பக்கம் தொங்குதா? பிரேக் பிடிக்குதா? ஐந்தும் சரி என்றால் மட்டும் மிதிங்க.