காசநோய் முடிச்சு: சிறையா, குடியிருப்பா?

காசநோயால் இறந்தவரின் நுரையீரலை அறுத்துப் பார்த்தால் கடுகளவில், மிளகளவில் வெளிறிய முடிச்சுகள் தட்டுப்படும். ‘டியூபர்குலோசிஸ்’ என்ற பெயரே இந்த முடிச்சைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னக் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முடிச்சுகளைப் படிப்படியாக விவரித்தார். அவை பெருத்து, நடுவில் பாலாடைக்கட்டி போலக் குழைந்து, கடைசியில் நுரையீரலில் குழியாகின்றன என்று காட்டினார். 1826இல் அவரையும் காசநோயே கொண்டுபோனது.

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது, நோய்க்குக் காரணம் யார் என்ற கேள்வி முடிந்தது. முடிச்சைக் கட்டியது யார் என்ற கேள்வி முடியவில்லை. உடல் கட்டியது என்பதே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொன்ன பதில்: உள்ளே கிருமி, சுற்றிலும் காவல் செல்கள், ஆகவே அது ஒரு சிறை. மருத்துவ மொழியில் கிரானுலோமா எனப்படும் இந்த முடிச்சைப் பெரும்பாலும் இறந்த திசுவில்தான் பார்க்க முடிந்தது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. நின்றுபோன ஒரே ஒரு காட்சியை வைத்துக்கொண்டு, யார் யாரை வளைத்தார்கள் என்று சொல்வது கடினம்.

அசையும் காட்சியைத் தேடியவர் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ். கோக் கிருமியை அறிவித்த அதே 1882இல் இத்தாலியின் மெசினா நகரக் கடற்கரையில் தங்கியிருந்த அவர், நட்சத்திர மீனின் இளம் லார்வாவுக்குள் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். லார்வாவின் உடல் ஒளி ஊடுருவக்கூடியது. மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அலையும் செல்கள் மொய்த்திருந்தது நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தது. விழுங்கு செல்கள் என்ற கருத்து அங்கே உருவாயிற்று. 1908இல் பால் எர்லிக்குடன் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார். அவர் பெயர் சூட்டிய ‘மேக்ரோஃபேஜ்’, அதாவது பெரும் விழுங்கு செல், அன்று முதல் நோயெதிர்ப்பின் கதாநாயகன்.

இந்த நாயகனை அகத்தியர் என்று வைத்துக்கொண்டால் மற்றக் கிருமிகள் எல்லாம் வயிற்றுக்குள் போய்ச் செரித்துப்போன வாதாபிகள். காசநோய்க் கிருமி மட்டும் செரிக்காத வாதாபி. 1971இல் ஆர்ம்ஸ்ட்ராங், ஃபிலிப் டார்சி ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக இதைக் காட்டினார்கள். விழுங்கப்பட்ட கிருமி ஒரு பைக்குள் அடைபடும்; செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் அந்தப் பையோடு இணைய வேண்டும்; உயிருள்ள காசநோய்க் கிருமி இருக்கும் பைகளில் பெரும்பாலானவற்றோடு அது இணையவில்லை. 1994இல் டேவிட் ரஸ்ஸல் குழு இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தது: அந்தப் பையின் சுவரில் அமிலத்தை உள்ளே தள்ளும் பம்பு போதுமான அளவில் இல்லை, அதனால் உள்ளே புளிப்பேறுவதில்லை. 1971இல் ஹார்ட்டுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதன்பிறகும் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்து, 106 வயது வரை வாழ்ந்தார்.

தனிச் செல்லுக்குள் நடப்பது இப்படித் தெளிந்தது. ஆனால் செல்கள் கூடிக் கட்டும் முடிச்சின் கதை அப்படியே கிடந்தது. அதைத் திறந்தவர் லலிதா ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்து வேதியியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை இவர். பரோடாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் நோயெதிர்ப்பியல் முனைவர் பட்டம் பெற்றார். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டான்லி ஃபால்கோவிடம் நுண்ணுயிரியல் பயின்று, சியாட்டிலில் ஆய்வுக்கூடம் அமைத்தார். இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறார்.

அவர் தேர்ந்துகொண்டது மீன் தொட்டிகளில் நீந்தும் ஜீப்ரா மீனை. கங்கைச் சமவெளி ஓடைகளுக்குச் சொந்தமான இந்தச் சின்ன மீனின் லார்வாவும் ஒளி ஊடுருவக்கூடியது. மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் மைக்கோபாக்டீரியம் மெரினம், மனிதக் காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. அதற்கு ஒளிரும் புரதத்தை ஏற்றி லார்வாவுக்குள் செலுத்திவிட்டால், உயிரோடு இருக்கும் மீனுக்குள் நோய் நகர்வதை நேரடியாகப் பார்க்கலாம். மெச்னிகோவின் முள் இருந்த இடத்தில் இப்போது கிருமி.

2002இல் வெளிவந்த முதல் முடிவே பாடப்புத்தகத்தோடு முரண்பட்டது. பிறந்து சில நாட்களேயான லார்வாவில் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. கிரானுலோமா கட்ட டி செல்கள் வேண்டும் என்பதுதான் அதுவரையிலான நம்பிக்கை. விழுங்கு செல்களை மட்டும் வைத்துக்கொண்டே முடிச்சு உருவாகிவிட்டது.

அடுத்து பி.சி.ஜி. வழியாக ஒரு தடயம் கிடைத்தது. கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 13 ஆண்டுகள், மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் இழக்கச் செய்து உருவாக்கிய தடுப்பூசி அது. அந்த நீண்ட வளர்ப்பில் அதன் மரபணுத் தொகுதியிலிருந்து ஆர்.டி.1 என்ற ஒரு துண்டு உதிர்ந்துபோயிருந்தது. அதே துண்டை மெரினம் கிருமியிலிருந்து லலிதா குழு நீக்கிப் பார்த்தபோது, விழுங்கு செல்கள் சரியாகக் கூடவில்லை, முடிச்சு ஒழுங்காகக் கட்டப்படவில்லை, கிருமியும் முன்போலப் பெருகவில்லை. முடிச்சு கிருமிக்கு எதிரான சிறை என்றால் அது கட்டப்படாதபோது கிருமி கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஆளைக் கூப்பிடும் குரல் கிருமியின் குரலாக இருந்தது!

2009இல் மியூஸ் டேவிஸும் லலிதாவும் செல்களைத் தொடர்ந்து படமெடுத்தார்கள். கிருமியைச் சுமந்த ஒரு விழுங்கு செல் சாகிறது. புதிய செல்கள் பல ஓடிவந்து அந்தப் பிணத்தைப் பங்கு போட்டு விழுங்குகின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக் கிருமியைப் பெற்றுக்கொள்கிறது. சில செல்கள் முடிச்சைவிட்டு வெளியேறி வேறிடத்தில் புதிய முடிச்சைத் தொடங்குகின்றன. நோயின் தொடக்கத்திலாவது முடிச்சு கிருமியின் குடியிருப்பு என்பதை இந்தப் படங்களுக்குப் பிறகு மறுப்பது கடினம். பின்னாளில் அதே முடிச்சு கிருமியை அடக்கி வைக்கவும் கூடும். முன்கட்டத்துக்குச் சொன்னதை எல்லாக் கட்டத்துக்கும் நீட்டுவது பழைய பிழையைத் தலைகீழாகச் செய்வதாகும்.

காவல் குறைந்தால் ஆபத்து என்பது மருத்துவமனைகளிலும் தெரியவந்தது. மூட்டுவாதத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து வந்தது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தை அது முடக்கும். அதை எடுத்துக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் கண்டதை 2001இல் வெளியான கட்டுரை பதிவுசெய்தது. எனவே டி.என்.எஃப். கூடக்கூட நல்லது என்று தோன்றும். ஜீப்ரா மீன் அதையும் கலைத்தது. டி.என்.எஃப். மிகுந்த மீன்களில் விழுங்கு செல்கள் முதலில் கிருமியைக் கொல்கின்றன. பிறகு தாங்களே வெடித்துச் சாகின்றன. எஞ்சிய கிருமி வெளியே தடையின்றிப் பெருகுகிறது.

டி.என்.எஃப். அளவைத் தீர்மானிப்பவற்றுள் எல்.டி.ஏ.4.எச். என்ற மரபணுவும் ஒன்று. வியட்நாமில் காசநோய் மூளைக்காய்ச்சல் கண்டவர்களில், இதன் அதிவேக வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு நன்கு உதவியது என்று 2012இல் லலிதா குழு எழுதியது. இந்தோனேசியாவில் 600க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த இன்னொரு குழு, 2017இல், இந்த மரபணுவுக்கும் மரணத்துக்கும் தொடர்பு காணவில்லை. மீனில் கண்ட பொறிமுறை மீனைப் பொறுத்தவரை உறுதி. மனிதரிடம் அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை நாட்டுக்கு நாடு சோதித்தாக வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியபோது தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே.

2022இல் வந்த தொடர்ச்சி நம் வீடுகளுக்கு அருகில் வந்து நிற்கிறது. டி.என்.எஃப். மிகும்போது விழுங்கு செல்லைக் கொல்வது மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஓடுவதால் பிறக்கும் நச்சு ஆக்சிஜன் என்று கண்ட லலிதா குழு, அந்த ஓட்டத்தைத் தடுக்கும் மருந்தாக மெட்ஃபார்மினைச் சோதித்தது. ஆம், சர்க்கரைக்கு நாம் போடும் அதே மாத்திரைதான். மீனில் அது செல் சாவைத் தடுத்தது. மனிதக் காசநோய்க்கு அது மருந்தாகுமா என்பதை மருத்துவச் சோதனைகள்தான் சொல்ல வேண்டும். அதுவரை வீட்டு அலமாரியிலுள்ள மாத்திரையை யாரும் இருமலுக்கென்று எடுத்து விழுங்க வேண்டாம்.